நரம்பு செய்த குற்றத்துக்குத் தசைக்குத் தண்டனையா?

கேள்வி: மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் உள்ள என் அக்காவை எடைப் பயிற்சி செய்யச் சொல்கிறார் டாக்டர். நாலு எட்டு நடந்தாலே களைத்துப்போகிறவருக்கு இது அடுக்குமா?

பதில்: உங்கள் சந்தேகம் நூறு வயதைத் தாண்டியது. உழைத்தபின் இந்நோயாளிகளுக்குப் பார்வை மங்குவதை 1890-இல் ஜெர்மன் கண் மருத்துவர் ஊட்ஹாஃப் பதிவு செய்தார். மிரண்ட மருத்துவர்கள் வெகுகாலம் 'அலட்டிக்கொள்ளாதீர்கள்' என்றே சொல்லிவந்தார்கள். உண்மைக் குற்றவாளி உழைப்பல்ல, உடல்சூடு. இந்நோயில் நரம்பைப் போர்த்தியிருக்கும் மயலின் உறை தேய்கிறது; அப்படித் தேய்ந்த நரம்பில் சூடு ஏறினால் சமிக்ஞை தடுமாறும். உடல் குளிர்ந்ததும் சரியாகிவிடும். நோய் நரம்பில்தான் என்றாலும், கால் பலவீனத்தில் ஒரு பங்கு சும்மா இருந்தே தசை மெலிந்ததால் வருவது. பயிற்சி நரம்புக்கு ஒட்டுப்போடும் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன்; அந்த ஒரு பங்கை மீட்கலாம். டென்மார்க்கில் 38 பேரை வைத்து நடத்தி 2009-இல் வெளியான ஆய்வில், வாரம் இருமுறையாக 12 வாரம் கால்களுக்கு எடைப் பயிற்சி பெற்றவர்களுக்குப் பலம் கூடியது. களைப்பு? அதுவும் குறைந்தது! சின்ன ஆய்வுதான், நடக்க முடிந்தவர்களிடம் செய்தது. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு அப்படியே பொருத்த முடியாது.

எடை என்றதும் அக்காவைப் பளுதூக்கும் வீராங்கனை கர்ணம் மல்லேஸ்வரியாகக் கற்பனை செய்து பயப்படாதீர்கள். நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, ரப்பர் பட்டையை இழுப்பது, நடுநடுவே தாராளமாக ஓய்வு. பிசியோதெரபிஸ்ட் பார்த்து மெல்லக் கூட்டுவார். அதிகாலையில், மின்விசிறிக்கு அடியில் செய்யட்டும். சித்திரை வெயிலில் மொட்டைமாடி வேண்டாம். நோய் புதிதாகச் சீறும் நாட்களில் நிறுத்திவிட்டு டாக்டரைக் கேளுங்கள்.