எஃப்.ஐ.ஆர். மாமா

திருவனந்தபுரம் வலியசாலை அக்ரஹாரத்தில் ஒரு வரன் திகைய வேண்டுமானால் ஜோசியர் சம்மதித்தால் போதாது, மாமாவும் சம்மதிக்க வேண்டும். ஜோசியர் பையனுக்குச் செவ்வாய் எங்கே என்று பார்ப்பார். 2016-இல் ஒரு செவ்வாய்க்கிழமை பையன் எங்கே இருந்தான் என்று மாமா பார்ப்பார்.

"பையன் நல்லவனாக்கும், அதுலே சந்தேகமே இல்லை," என்றுதான் ஆரம்பம். அவர் வாயில் 'நல்லவன்' வந்துவிட்டால் பையனுக்குச் சனி பிடித்துவிட்டது என்று அர்த்தம். "ஆனா ஒரு சின்ன கேஸ் கெடக்கு. நான் சொன்னேன்னு சொல்ல வேண்டாம், கேட்டேளா?" சொன்னது யார் என்று சாலைக் கம்போளம் வரைக்கும் தெரியும்.

மாமாவுக்குப் பெயர் ஒன்று இருக்கிறது. அதை யாரும் உபயோகிப்பதில்லை. ஏ.ஜி. ஆபீஸில் முப்பத்தைந்து வருஷம் மற்ற இலாகாக்களின் கணக்கில் தப்பு கண்டுபிடித்துவிட்டு ரிடயர் ஆனவர். கை சும்மா இருக்குமா? விடியற்காலையில் காந்தளூர் மகாதேவரைத் தொழுது, காபி குடித்து, பேப்பரில் சரமப் பக்கத்தை முடித்துவிட்டுக் கைபேசியை எடுப்பார். போனவர்கள் கணக்கு முடிந்ததும் பிடிபட்டவர்கள் கணக்கு.

அவருக்கு இந்தப் பொக்கிஷத்தைத் திறந்துவிட்டது சட்டம்தான். கைதானவரின் பெயரையும் முகவரியையும் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு வெளியே பலகையில் ஒட்ட வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 41-சி என்ற பிரிவு 2010 முதல் நடப்புக்கு வந்தது. ஆளைக் கொண்டுபோய் எங்கே வைத்தார்கள் என்று தெரியாமல் வீட்டார் ஸ்டேஷன் ஸ்டேஷனாக அலையக்கூடாது என்பதுதான் எண்ணம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சட்டத்தின் 37-ஆம் பிரிவு ஒவ்வொரு போலீஸ் ஸ்டேஷனிலும் அதைக் காட்டச் சொல்கிறது, டிஜிட்டலாகவும். எஃப்.ஐ.ஆரை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பாலியல் குற்றம், பயங்கரவாதம் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. கைதியின் பாதுகாப்புக்காகத் திறந்த ஜன்னல்; அதன் வழியே இப்போது எட்டிப் பார்ப்பவர் மாமா.

கேரளப் போலீஸ் இதில் யாருக்கும் சளைத்ததல்ல. மாவட்டவாரியாக, வாரக்கணக்கில், கைதானவர்கள் பட்டியலை இணையதளத்தில் போட்டிருக்கிறது. பெயர், அப்பா பெயர், வயது, விலாசம், பிடித்த இடம், நேரம், கிரைம் நம்பர், பிடித்த அதிகாரி, ஆஜர்படுத்திய கோர்ட் என்று கட்டம் கட்டமாக. சிலருக்குக் கடைசிக் கட்டத்தில் 'ஸ்டேஷன் ஜாமீன்' என்றிருக்கும். அப்புறம் அவர் விடுதலையானாரா, கேஸ் தள்ளுபடியானதா? அதற்குக் கட்டம் கிடையாது. போலீஸின் இணையச் சேவைக்குப் பெயர் 'துண', தமிழில் துணை. யாருக்குத் துணை என்பதை வலியசாலையில் கேட்டால் சொல்வார்கள்.

அக்ரஹாரத்தில் இன்னொரு சிக்கல். மூத்த பிள்ளைக்குத் தாத்தா பெயர் வைப்பது வழக்கம். ஒரு தாத்தாவுக்கு நாலு பிள்ளை என்றால், நாலு வீட்டிலும் ஒரே சுப்ரமணியன். ஒருவன் சாஸ்தமங்கலத்தில் பாங்க் மானேஜர், ஒருவன் பெங்களூரில், ஒருவன் பட்டியலில். அப்பா பெயர்க் கட்டத்தைப் பார்த்தால் தீர்ந்துவிடும். முப்பத்தைந்து வருஷ ஆடிட் அனுபவத்தில் மாமா அந்தக் கட்டத்துக்குப் போனதாகத் தகவல் இல்லை. பாங்க் மானேஜருக்கு வந்த இடம் தட்டிப் போயிற்று.

இப்படி நடந்துகொண்டிருந்தபோதுதான் கரமனையில் இருக்கும் மாமாவின் தங்கை பிள்ளைக்குப் பாலக்காட்டுக் கல்பாத்தியில் ஒரு ஜாதகம் பொருந்தியது. பெண் வீட்டார் ஒரு வாரம் பேசவில்லை. பிறகு ஒரு போன்.

"பையன் நல்லவனாக்கும், அதுலே சந்தேகமே இல்லை..."

கல்பாத்தியிலும் ஒரு மாமா இருந்திருக்கிறார்.

பையன் காலேஜில் படித்தபோது செக்ரட்டேரியட் நடையில் ஒரு மறியலில் நின்றிருக்கிறான். திருவனந்தபுரத்தில் பிறந்து அங்கே ஒரு தடவையாவது நிற்காதவன் உண்டா? சட்டவிரோதக் கூட்டம், வழி மறிப்பு என்று கேஸ். சாட்சிகள் வராமல் விடுதலையும் ஆகிவிட்டான். ஆனால் எஃப்.ஐ.ஆர். இருந்த இடத்தில் இருந்தது.

மாமா வஞ்சியூர் கோர்ட்டுக்கு ஓடினார். "அதை அழிக்க என்ன ஃபாரம்?" வக்கீல் சிரித்தார். ஏற்றுவதற்கு 24 மணி நேரம் சொன்ன உத்தரவு, இறக்குவதற்கு நேரம் சொல்லவில்லை. பதினெட்டு வயதுக்குள் என்றால் சிறார் நீதிச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு பதிவை அழிக்கச் சொல்கிறது. இவனுக்கு அப்போது பத்தொன்பது. கேஸ் நடக்கும்போதே ரத்து கேட்டிருக்கலாம். அதற்கு வேணாடு எக்ஸ்பிரஸைப் பிடித்து எர்ணாகுளம் போக வேண்டும், ஐகோர்ட் அங்கேதானே! அரசாங்கம் வாபஸ் வாங்கியிருக்கலாம் என்றால் அதற்கும் கோர்ட் சம்மதிக்க வேண்டும். 2015 மார்ச் 13 அன்று இதே ஊரில் சட்டசபைக்குள் நடந்த ரகளைக் கேஸை வாபஸ் வாங்க, கேரள அரசு உச்ச நீதிமன்றம் வரை போய் 2021 ஜூலையில் வெறுங்கையோடு திரும்பியது. குற்றம்சாட்டப்பட்டவர்களில் ஒருவர் அப்போது கல்வி மந்திரி.

பெயரை மட்டுமாவது எடுக்கலாமா? 2022 டிசம்பரில் கேரள ஐகோர்ட், அண்மைக்கால வழக்குகளுக்கு 'மறக்கப்படும் உரிமை' கேட்க முடியாது, அதற்குச் சட்டமன்றம்தான் வகை செய்ய வேண்டும் என்றது. சென்னை ஐகோர்ட்டில் விடுதலையான ஒருவர் தீர்ப்பிலிருந்து தன் பெயரை நீக்கக் கேட்டார். 2021-இல் முடியாது என்றார்கள். 2024 பிப்ரவரியில் இரண்டு நீதிபதிகள் அமர்வு சரி என்றது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. பாவம், அவர் பெயரை இங்கேயாவது எழுதாமல் விடுவோம்.

"அப்ப இது போகவே போகாதா ஓய்?" என்று மாமா கேட்டாராம். அவர் தினமும் தொழுகிற கோயிலே பதில் சொல்லும். ராஜராஜ சோழனின் மெய்க்கீர்த்தி காந்தளூர்ச் சாலையைப் பற்றிப் பேசுகிறது. அது இந்த வலியசாலைதான் என்று பலர் சொல்வார்கள். அங்கே அவன் கப்பலை உடைத்தானா வேறேதாவது செய்தானா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். ஆயிரம் வருஷமாகப் பதிவு கல்லில் கிடக்கிறது, விசாரணை முடியவில்லை.

வக்கீல் கடைசியில் கொடுத்த யோசனை இரண்டு. விடுதலைத் தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்கி வை. எந்த வேலைக்கு விண்ணப்பித்தாலும், கேட்டால் மறைக்காதே. 2016-இல் அவ்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் உண்மையைச் சொல்லச் சொல்லியிருக்கிறது. மாமா நகலை லாமினேட் செய்து ஜோல்னாப் பையில் வைத்துக்கொண்டு கல்பாத்திக்கு ரயிலேறினார். கல்யாணம் நடந்தது. இரண்டு மாமாக்களும் பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலை.

பட்டியல் பார்ப்பதை அவர் விட்டுவிடவில்லை. நாளை உங்கள் வீட்டு வரனைப் பற்றியும் வந்து சொல்லுவார். வந்தால் காபி கொடுங்கள். அப்பா பெயரைப் பார்த்தாரா என்று கேளுங்கள். இ-கோர்ட்ஸ் செயலியில் வஞ்சியூர் நீதிமன்றத்தைத் தேர்ந்தெடுத்து, வருஷத்தையும் பையன் பெயரையும் போட்டுப் பார்த்தாரா என்றும் கேளுங்கள். கேஸ் எப்படி முடிந்தது என்பது அதே கைபேசியில்தான் இருக்கிறது.