திரையாற்றுப்படை: ஒரு முன்னாய்வு

பத்துப்பாட்டில் சரிபாதி சிபாரிசுதான். திருமுருகாற்றுப்படை, பொருநராற்றுப்படை, சிறுபாணாற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை, மலைபடுகடாம் ஆகிய ஐந்திலும் நடப்பது ஒன்றே. ஒரு வள்ளலிடம் (முதற்பாட்டில் முருகனிடம்) போய் வேண்டியதைப் பெற்றவன், எதிரே வரும் இல்லாதவனை நிறுத்தி, நீயும் போ என்கிறான். தொல்காப்பியப் புறத்திணையியல் இதற்கு இலக்கணமே வகுத்திருக்கிறது. இத்தனை நீண்ட மரபு உள்ள சமூகத்தில், 'மச்சி, அந்தப் படத்தை மட்டும் பாத்துடு' என்ற வாக்கியத்துக்கு இன்னும் ஓர் உரை எழுதப்படவில்லை. அக்குறையைக் களைய முற்படுகிறது இக்கட்டுரை. ஆய்வெல்லை: திரைப்படம், ஆவணப்படம், கச்சேரி ஒலிப்பதிவு. வெப் சீரிஸ் விரிவஞ்சி விடப்பட்டது. இரண்டு சீசன் பல்லைக் கடித்துக்கொண்டால் மூன்றாவதில் சூடுபிடிக்கும் என்பாரோடு வாதாட ஆய்வாளருக்கு ஆயுள் போதாது.

முதலில் மலைபடுகடாம். 583 அடி. அதில் நன்னன் பரிசில் தருவது கடைசியில்தான் வருகிறது. பாட்டில் கணிசமான பங்கு வழிக்கே போய்விடுகிறது. பன்றிக்கு வைத்த பொறியில் கால் வைத்துவிடாதே, தினைப்புனம் காப்பவர்கள் யானையை விரட்டக் கவண்கல் எறிவார்கள், மரத்தின் பின்னே ஒதுங்கிப் போ, பாம்பு இருக்கும், பாறை வழுக்கும் என்று அடுக்கிக்கொண்டே போகிறான் கூத்தன். இன்றைய பரிந்துரையாளரும் இம்மரபில் இம்மியும் பிசகுவதில்லை. 'மொத அரை மணி நேரம் ஒண்ணும் நடக்காது, பொறுத்துக்க.' 'சப்டைட்டில் ரெண்டு செகண்டு முந்தி ஓடும்.' 'ரெண்டாவது பாட்டு வரைக்கும் மைக் சரியில்ல.' 'வீட்ல பெரியவங்க இருக்கறப்ப போட்டுடாத.' இவை பரிந்துரைக்கு ஒட்டுப்போட்ட எச்சரிக்கைகள் என்று கொள்வார் உளர். அது பொருந்தாது. வழியில் இடர் எவ்வளவோ அவ்வளவே பரிந்துரையின் வலு என்பதே இவ்வாய்வாளர் துணிபு.

சான்று காட்டுதும். ஹங்கேரி இயக்குநர் பேலா தார் 1994-இல் எடுத்த 'சாத்தான்டாங்கோ' ஏழு மணி நேரத்துக்கும் மேல் ஓடுகிறது. ஆரம்பமே மாடுகள் தொழுவத்தை விட்டு வெளியே வந்து சேற்றில் அலைவதுதான். பல நிமிடம், ஒரே ஷாட். இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும் எந்த நல்ல படத்துக்கும் கிடைக்காத வெறியோடு இந்தப் படம் சிபாரிசு செய்யப்படுகிறது. 'ஏழு மணி நேரம்தான், ஒரு லீவு நாள்ல முடிச்சுடலாம்' என்பதிலுள்ள 'தான்' பிரிநிலையா தேற்றமா என்பது தனியே ஆராயத்தக்கது.

'அன்பே சிவம்' இன்னொரு வகை. 2003 பொங்கலுக்கு வந்து, தியேட்டரில் காற்று வாங்கிய படம். இங்கே இடர் காலத்தில் இருக்கிறது. 'அப்ப யாரும் கண்டுக்கல, நான் தியேட்டர்லயே பாத்தேன்' என்று தொடங்குவது இவ்வகைப் பரிந்துரையின் பாயிரம். அப்படிச் சொல்லும் அத்தனை பேரும் அன்று டிக்கெட் எடுத்திருந்தால் படம் வெள்ளிவிழா கண்டிருக்கும். ஆய்வாளர் யாரையும் சந்தேகிக்கவில்லை. எண்ணிக்கைதான் உதைக்கிறது.

இவ்விடத்தில் ஒரு தடை எழும்: பரிந்துரைப்பவர் அந்தப் படத்தைப் பார்த்திருக்க வேண்டுமா? பழைய மரபில் ஐயத்துக்கே இடமில்லை. பொருநராற்றுப்படையில் வருபவன் கரிகாலன் வீட்டில் இரவும் பகலும் இறைச்சி தின்று, உழுத கொழுவைப் போல் பல் தேய்ந்துபோனவன். பல்லைக் காட்டினாலே சான்று முடிந்தது. இன்று காட்டப் பல் இல்லை. 'கடைசியில அந்த ஆளு என்னதான் ஆனான்?' என்று கேட்டுப் பாருங்கள். 'நீயே பாரு, சொன்னா சுவாரஸ்யம் போயிடும்' என்று பதில் வரும். கதையை உடைக்கக் கூடாது என்ற நாகரிகம் பார்க்காமலே பரிந்துரைப்போரின் கோட்டைச் சுவராக நிற்கிறது. எதிர்த்தரப்பும் சளைத்ததல்ல. பார்த்தாயா என்றால் 'லிஸ்ட்ல இருக்கு' என்பது முதல் நிலை. 'பாதி பாத்தேன், தூங்கிட்டேன்' என்பது நேர்மையாளர் நிலை. 'ஒளிப்பதிவு பிரமாதம்' என்றால் டிரைலரோடு நின்றுவிட்டார் என்று கொள்க.

ஆவணப்படத்தைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. அதைப் பரிந்துரைப்பவர்கள் குறைவு, ஏற்பவர்கள் அதனினும் குறைவு. ஏ.கே. செட்டியார் உலகம் சுற்றித் துண்டு துண்டாகப் படச்சுருள் சேர்த்து 1940-இல் வெளியிட்ட காந்தி படத்தைப் பற்றி, அதைப் பார்க்க வழியே இல்லாத காலத்திலும் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதை மட்டும் நம் கோட்பாட்டுக்கு அரணாகக் குறித்துக்கொள்வோம். சத்யஜித் ராய் 1976-இல் எடுத்த 'பாலா' இன்னும் நுட்பமானது. அதைச் சிபாரிசு செய்கிறவர், பாலசரஸ்வதியை இருபது வயதில் படம் பிடிக்காமல் ஐம்பது தாண்டியபின் பிடித்தார்களே என்ற துக்கத்தையும் சேர்த்தே கையில் கொடுப்பார். ஆனால் அந்தக் கடற்கரைக் காட்சி! சேலையைக் காற்று ஒரு பக்கம் இழுக்க, கண்ணனை அழைக்கும் கை மட்டும் தன் போக்கில் நிதானமாக வருகிறது. கேலிக்கு நடுவே சொல்கிறேன், பாருங்கள்.

இனிக் கச்சேரி ஒலிப்பதிவு. ஆற்றுப்படை தன் முழு வீரியத்தோடு வாழ்வது இங்கேதான். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை எடுத்துக்கொள்க. 78 சுழற்சி இசைத்தட்டில் ஒரு பக்கம் மூன்று நிமிடச் சொச்சம். அதைச் சிபாரிசு செய்யும் பெரியவர், தட்டு தேயும் வரை கேட்கவைத்துவிட்டு, 'இதுல என்ன இருக்கு? கோயில்ல ராத்திரி முச்சூடும் வாசிப்பார், அதைக் கேட்கணும்' என்பார். பிள்ளை மறைந்தது 1956-இல். வள்ளல் போனபிறகும் வழி சொல்லும் துறை வேறு எதுவும் இல்லை.

அடுத்து கேசட் யுகம். மதுரை மணி ஐயர் 1968-இல் மறைந்தவர். வானொலியிலிருந்தும் கல்யாணப் பந்தலிலிருந்தும் ஸ்பூலில் பிடித்தது கேசட்டுக்கு வந்து, அந்தக் கேசட்டுக்கு ஒரு நகல், நகலுக்கு ஒரு நகல் என்று இறங்கி வரும். பரிந்துரையாளர் உங்களைத் தனியே கேட்க விடமாட்டார். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு விரலைத் தூக்குவார். 'இப்ப ஒருத்தர் இருமுவார் பாரு.' இருமுகிறார். 'ஆச்சா, இப்ப வரும் அந்தப் பிடி.' பிடி வருகிறது. அவர் 'ஆஹா' போட்டதில் பாதி நம் காதில் விழாது. தொண்ணூறு நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் நாற்பத்தைந்து நிமிடம். தனி ஆவர்த்தனம் கோர்வைக்கு வரும் நேரம் பார்த்து 'டக்'கென்று பட்டன் எகிறும். மீதிக் கோர்வையை அவரே தொடையில் தட்டிச் சமத்தில் கொண்டுவந்து சேர்ப்பார். ஒலிப்பதிவு முழுமையாகக் கிடைத்த பிறகும், அந்தத் தொடையில் முடிந்த வடிவமே செம்பதிப்பு என்பது ரசிகர் கொள்கை.

இப்போது எல்லாம் யூடியூபில் இருக்கிறது. இருமல் உட்பட. பரிந்துரை ஒரு நீலநிற லிங்க்காக வந்து விழுகிறது. பன்றிப் பொறியும் இல்லை, கவண்கல்லும் இல்லை, ஒரு தட்டு தட்டினால் நன்னன் வாசல். ஆகவே யாரும் போவதில்லை. ஆய்வாளரின் போனில் பின்னர் பார்க்க வைத்த பட்டியல், எட்டுத்தொகையைத் தாண்டிப் பதினெண்கீழ்க்கணக்கை எட்டிக்கொண்டிருக்கிறது.

மயிலாப்பூரில் ஒரு பெரியவர் மட்டும் இந்தச் சரிவை உணர்ந்து தக்க நடவடிக்கை எடுத்திருக்கிறார். தன்னிடம் உள்ள ஸ்பூல்களை யாருக்கும் நகல் எடுத்துத் தருவதில்லை. வேண்டுமானால் வீட்டுக்கு வந்து கேட்டுவிட்டுப் போகலாம். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, தனி ஆவர்த்தனத்தில் எழுந்திருக்கக் கூடாது, காபி கச்சேரி முடிந்த பிறகுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்.