ஆட்டோக்கார அண்ணாச்சியைக் கேளுங்கள்

கேள்வி: அலுவலக வேலையாகத் தூத்துக்குடி போகிறேன். நல்ல சாப்பாட்டுக் கடையை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: ஆட்டோக்காரரிடம் "நல்ல ஓட்டல் எது?" என்று கேட்காதீர்கள். உங்கள் சட்டை மடிப்பைப் பார்த்து ஏசி ஓட்டல் வாசலில் இறக்கிவிடுவார். "நீங்க எங்க சாப்பிடுவீங்க அண்ணாச்சி?" என்று கேளுங்கள்.

மதியம் மீன் சாப்பாடு. "என்ன மீன் இருக்கு?" என்றதும் "எல்லாம் இருக்கு சார்" என்று பதில் வந்தால், பேசுவது ஐஸ்பெட்டி. "விளமீன் தீந்துட்டு, சாளைதான் இருக்கு, வேணுமா?" என்று கடுகடுப்பவரிடம் தைரியமாக இலை போடச் சொல்லலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகு மீன் வரும். விலை கேட்டதும் ரசஞ்சாதத்தின் மேல் பாசம் வரும்.

இரவுக்குப் பரோட்டா. முகவரியே வேண்டாம். வெந்த பரோட்டாவை அடுக்கி இரு கையாலும் அடிக்கிற சத்தம் எங்கே ஓயாமல் கேட்கிறதோ, அங்கே உட்காருங்கள். சத்தமில்லாத கடையில் பரோட்டா காலையிலேயே அடிவாங்கி முடித்திருக்கும். சால்னாவை வாளியோடு கொண்டுவந்து ஊற்றுகிறார்களா என்றும் பாருங்கள். கிண்ணத்தில் அளந்து தருவது மருந்துக்கடை வேலை.

கிளம்பும்போது மக்ரூன். முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி, அவ்வளவுதான். வீட்டுக்கு ஒரு பாக்கெட் என்றால் இரண்டாக வாங்குங்கள். ஒன்று மணியாச்சி ஜங்ஷன் தாண்டாது.