எல்டாம்ஸ் ரோட்டு மாட்டுத் தரகு

அட கண்ணு, போர்டு நெம்ப நல்லா இருக்குது. 'பதிவு பெற்ற மதிப்பீட்டாளர், ஆலை மற்றும் இயந்திரம்'னு தமிழ்ல ரெண்டு வரி, கீழே இங்கிலீஷ்ல நாலு வரி. அண்ணா சாலையில இருந்து எல்டாம்ஸ் ரோட்டுக்குள்ள திரும்பறவன் கண்ணுல படாம போவாது. எனக்கு ஒரு சந்தேகந்தான். காலையில தேனாம்பேட்டையைச் சுத்தி ஒரு நடை நடந்தேன். அறிவாலயம் இருக்குது, காமராசர் அரங்கம் இருக்குது, டி.எம்.எஸ். ஆபீஸ் இருக்குது, எந்தப் பக்கம் திரும்பினாலும் பேங்கு இருக்குது. ஓடற லேத்து ஒண்ணுகூட கண்ணுல படலையே! மெஷின் அம்பத்தூர்லயும் திருமுடிவாக்கத்துலயும் ஓடுது, அதுக்கு விலை எழுதறவன் இங்க ஏசியில உக்காந்திருக்கறான். மாடு தொண்டுப்பட்டியில, தரகன் அரண்மனையில.

இருந்துட்டுப் போவட்டும். இந்த அப்புச்சி அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையில துண்டுக்குள்ள வெரல் புடிச்சு வெலை பேசினவன். எனக்குத் தெரிஞ்ச தொழில் ரகசியத்தை உனக்குச் சொல்லாம வேற ஆருக்குச் சொல்லப்போறேன்?

மொதல் ரகசியம், நேர்ல போவாதே. வெய்யில்ல எதுக்கு அலையறே? பட்டறை மொதலாளியே வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்புவான். போட்டோவுல எல்லா மெஷினும் பச்சைப் பசேல்னு இருக்கும். எங்க சந்தையில மாட்டை விக்க வர்றவன் கொம்பைச் சீவி எண்ணெய் தடவுவான். முந்தின நேரத்துப் பாலைக் கறக்காம மடி ரொப்பி ஓட்டியாருவான். உன்ற மொதலாளி நீ வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடி பெயிண்டு டப்பா வாங்குவான், அவ்வளவுதான் வித்தியாசம். பெயிண்டு காயறதுக்குள்ள போயிட்டா உன்ற வெள்ளைச் சட்டை போச்சு. அதனாலதான் போவாதேங்கறேன்.

அப்படியும் போயே தீருவேன்னா, நேம் பிளேட்டை மட்டும் பார்த்துப்போட்டு வந்துரு. கம்பெனி பேரு, மாடல், சீரியல் நம்பர், செஞ்ச வருசம். நாலு ஆணியும் துருப் புடிச்சிருந்து தகடு மட்டும் பளபளன்னு இருந்தா அதைப் பத்தி மூச்சு விடாதே. லேத்து பெட்டுல சக்குப் பக்கத்துல எவ்வளவு தேஞ்சிருக்குதுன்னு டயல் வெச்சுப் பார்க்காதே. சி.என்.சி.யில திரையைத் தட்டினா பவர் போட்ட மணி எவ்வளவு, நெசமா வெட்டின மணி எவ்வளவுன்னு தனித்தனியா காட்டும். ஜெனரேட்டர்ல ஓடின மணி காட்டற மீட்டரே இருக்கும். அதையெல்லாம் பார்த்தா மாட்டு வாயைத் தொறந்து பல்லைப் பார்த்த மாதிரி ஆயிரும். எட்டுப் பல்லும் சேர்ந்து கடை தேஞ்ச மாட்டை, 'ரெண்டு பல்லுங்க, இளங்கன்று'ன்னு சொல்லிட்டிருக்கிறவன் மனசு எவ்வளவு நோவும்?

நீ பாஸ் பண்ணின பரீட்சையை நான் கொறைச்சுச் சொல்லலை. 2013 கம்பெனிச் சட்டத்துல 247-ஆவது பிரிவு, அதுக்கு 2017-ல போட்ட விதி, அம்பது மணி நேரப் பாடம், நூத்துக்கு அறுவது மார்க்கு, எல்லாம் உங்கம்மா போன்ல சொன்னா. எங்க காலத்துல பரீட்சை கெடையாது. மாடு உதைச்சா பெயில். அந்த விதியில மதிப்புப் போடறவங்களை மூணு சாதியாப் பிரிச்சிருக்கறாங்களாமே: நெலமும் கட்டடமும் ஒண்ணு, உன்ற மெஷின் ஒண்ணு, பங்குப் பத்திரம் ஒண்ணு. நீ தப்பான சாதியில பொறந்துட்டே கண்ணு. இந்த ஊர்ல ராசா நெலத்துக்காரன்தான். நடந்து போற தூரத்துல மேம்பாலம் இருக்குதே, அதுக்கு அண்ணா பேரு வெச்சும் சனங்க இன்னும் ஜெமினிங்கறாங்க. எஸ்.எஸ்.வாசன் அங்க கேமராவும் லைட்டும் நிறுத்திப் படம் எடுத்தாரு. ஸ்டூடியோ நின்ன எடத்துல இப்ப பெரிய ஓட்டல் நிக்குது. நெலம் எங்கயும் போவலை, அந்தக் கேமராவுக்கு என்ன வெலை போச்சுன்னு கேக்கறதுக்கு ஆளில்லை. பட்டணத்து நடுவுல இருக்கிற பட்டறையை வாங்கறவனுக்கு மெஷின் ஒரு தொந்தரவு. கிரேன் கூலி, பிரிக்கிற கூலி, லாரி வாடகை எல்லாம் கழிச்சுப் பார்த்தா, கொண்டுபோறவனுக்கு நீ காசு கொடுக்கோணும் போல இருக்கும்.

இங்கதான் ஒரே மெஷினுக்கு எத்தனை வெலைன்னு கத்துக்கோணும். ஓடிட்டிருக்கிற பட்டறையில, அஸ்திவாரத்து மேல, கரண்டு இழுத்து, ஆள் பழகி நிக்கிற பிரஸ்ஸுக்கு ஒரு வெலை. அதையே பிடுங்கி வெளியில வெச்சா ஒரு வெலை. ஆறு மாசம் டயம் கொடுத்து நல்ல ஆளாத் தேடி வித்தா ஒரு வெலை. பேங்குக்காரன் தண்டோரா போட்டு வித்தா ஒரு வெலை. கடைசியா புதுப்பேட்டை பழைய இரும்புக்காரன் எடைக்கு ஒரு வெலை சொல்லுவான். உங்க ஆளுங்கள்லயே கண்ணால பார்த்து, கையால தட்டி வெலை சொல்றவன் அவன் ஒருத்தன்தான். அவனுக்கு ஏன் போர்டு இல்லைன்னு எனக்குப் புரியலை.

இந்தத் தொழில்ல பாதி சூட்சுமம், மெஷினைப் பார்க்கறதுக்கு முந்தி 'எதுக்குங்க வேணும், எந்தத் தேதிக்கு வேணும்'னு கேக்கறது. லோன் வாங்கவா, இன்சூரன்ஸுக்கா, பாகம் பிரிக்கவா, திவாலுக்கா? அதைக் கேட்டு எழுதினா தொழில். கேக்காமயே மொதலாளி மூஞ்சியைப் பார்த்து எழுதினா நீ சீக்கிரம் கார் வாங்கிருவே.

கணக்குப் புஸ்தகத்தை நம்பறதுன்னாலும் நம்பு, அது இன்னும் தமாசு. கம்பெனிச் சட்டத்தோட ரெண்டாவது அட்டவணையில சாதாரண மெஷினுக்கு ஆயுசு 15 வருசம். ரெண்டு ஷிப்டு ஓட்டினா தேய்மானம் 50 சதவீதம் எச்சு, மூணு ஷிப்டுன்னா 100 சதவீதம் எச்சு. வருமான வரிக்காரன் கணக்கு வேற. வருசா வருசம் மிச்சத்துல 15 சதவீதம் கழிப்பான். ஒரே மாட்டுக்கு ரெண்டு ஜாதகம்! கிண்டி எஸ்டேட்டு 1958-ல வந்தது. அந்த மாதிரிப் பழைய எஸ்டேட்டுல, புஸ்தகத்துல செத்துப்போன எச்.எம்.டி. லேத்து இன்னும் கம்பி கடையுது. அதே பட்டறையில புதுசா வந்த சி.என்.சி., உள்ளே இருக்கிற ஒரு கார்டு இப்ப ஆரும் செய்யறதில்லைங்கறதால துணி மூடி நிக்கும். எதுக்கு உசுரு இருக்குதுன்னு ஆடிட்டரைக் கேட்டா அவரு புஸ்தகத்தைத்தான் பொரட்டுவாரு.

உடம்புல ஒரு கொறையும் இல்லாம வெலை சாயற மெஷினும் உண்டு. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியாவைப் பாரு. 2006-ல தொறந்தாங்க. 2013-ல வருமான வரி வழக்கு வந்து சொத்தை முடக்கிப்போட்டாங்க. மைக்ரோசாப்ட் மொத்த போன் யாவாரத்தையும் வாங்கிட்டுப் போனப்ப இந்த ஆலையை விட்டுட்டுப் போச்சு. 2014 நவம்பர் 1-ஆம் தேதியோட ஓட்டம் நின்னுது. அக்டோபர் 31-க்கும் நவம்பர் 1-க்கும் நடுவுல ஒரு போல்ட்டுகூட தேயலை கண்ணு. சார்ஜர் செய்யற சால்காம்ப் அந்த எடத்தை வாங்குதுன்னு சேதி வர 2019 நவம்பர் ஆச்சு. அந்தப் பக்கம் குஜராத்து சானந்துல ஃபோர்டு ஆலையை டாட்டாக்காரங்க 2022-ல 725.7 கோடிக்குப் பேசினாங்க. நெலம், கட்டடம், மெஷின், ஆளு எல்லாம் ஒட்டுக்கா. அதுல மெஷினை மட்டும் தனியாப் பிரிச்சு டெம்போவுல ஏத்தியிருந்தா அந்த வெலை வருமா?

திவால் கேஸு வந்தா இன்னும் சொகம். பதிவு பெற்ற ஆளு ரெண்டு பேரைப் போடோணும், ரெண்டு பேரும் தனித்தனியா, நேர்ல போய்ப் பார்த்து எழுதோணும்னு விதி. ரெண்டு பேரு கணக்கும் 25 சதவீதம் வித்தியாசப்பட்டா மூணாவது ஆளை வெக்கலாம். அப்புறம் கிட்டக் கிட்ட இருக்கிற ரெண்டுக்கும் சராசரி. எதுக்கு இந்த அக்கப்போரு? மொதல்லயே ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு காப்பி சாப்பிட்டா ஒரு ஆள் கூலி மிச்சம். காப்பி ஜாக்கிரதை. உன்ற நடத்தை விதியில பரிசும் உபசாரமும் வாங்கப்படாதுன்னு இருக்குது. கட்சிக்காரன் வசதிக்குத் தகுந்த மாதிரி மதிப்புப் போடப்படாது, காரியம் முடிஞ்சா இவ்வளவுன்னு கூலி பேசப்படாதுன்னும் இருக்குது. ஏமாத்தற எண்ணத்தோட எழுதினது தெரிஞ்சா ஒரு வருசம் வரைக்கும் உள்ளே, ஒரு லட்சத்துல இருந்து அஞ்சு லட்சம் வரைக்கும் அபராதம். தரகுக் கூலியில பாதி கூட வராது, போ.

சரி, பொழுதாச்சு. நானும் சும்மா வரலை. நம்மூர்ல நானும் என்ற தம்பியும் பாகம் பிரிக்கறோம், அந்த டிராக்டருக்கு உன்ற லெட்டர் பேடுல ஒரு மதிப்பு எழுதிக் கொடு. தம்பி பாகத்துக்குப் போறதா இருந்தா எச்சாப் போடு, நம்ம பாகத்துக்கு வர்றதா இருந்தா கம்மியாப் போடு. எதுன்னு இன்னும் முடிவாவலை. அதனால ரெண்டு ரிப்போர்ட்டா அடிச்சு வெச்சுக்க, தேதியை மட்டும் விட்டுரு. ஏன் கண்ணு அப்படிப் பார்க்கறே? நேர்ல வர வேண்டாம், போட்டோ அனுப்பறேன். பெயிண்டு நேத்துத்தான் அடிச்சோம்.