எப்போ நிக்குது?

2004, 2005 வாக்கில் சென்னை ரிச்சி தெருவில் சர்வீஸ் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி மனப்பாடம். கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி டார்ச் அடித்தால், பிராசசரை ஒட்டி வரிசையாக நிற்கும் கேபாசிட்டர்களில் நாலைந்து தலை உப்பியிருக்கும். நல்ல கேபாசிட்டரின் தலை தட்டையாக, மேலே சிலுவைக் கீறலோடு இருக்கும். உள்ளே வாயு சேர்ந்தால் அந்தக் கீறல்தான் முதலில் பிளக்கும். பழுப்பாக ஏதோ கசிந்து காய்ந்து கிடக்கும். அந்த வருஷங்களில் உலகம் முழுக்கப் போர்டுகளைச் சாகடித்த கோளாறு அது. உள்ளிருக்கும் திரவமே தரம் கெட்டது.

திருவல்லிக்கேணியில் டிடிபி சென்டர் வைத்திருந்த ஒருவர் அப்படியொரு சிஸ்டத்தை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

"தம்பி, போன வாரம்தான் ஃபார்மட் போட்டாங்க. காலையில ஆன் பண்ணா தானா ரீஸ்டார்ட் ஆயிட்டே இருக்கு. கொஞ்ச நேரம் கழிச்சு சரியாயிடுது. வைரஸாப்பா?"

"காலையில மட்டும்னா போர்டப் பாத்துடலாம்ணே."

காய்ந்துபோன கேபாசிட்டர் குளிர்ந்திருக்கும்போது இன்னும் மோசமாக வேலை செய்யும், சூடேறியதும் சமாளித்துக்கொள்ளும். அதனால்தான் காலைநேரத் தொல்லை. 105 டிகிரி தாங்கும் புது கேபாசிட்டர்களை, உப்பாதவற்றுக்கும் சேர்த்து, மாற்றி சாலிடர் செய்தோம். அவருடைய கல்யாணப் பத்திரிகைகள் பிரஸ்ஸுக்குப் போயின.

அந்தத் தெரு எனக்குக் கொடுத்த பாடங்களில் நான் இன்றும் பெரிதாக நினைப்பது ஒன்றுதான். திருப்புளியைத் தொடும் முன் "எப்போ நிக்குது?" என்று கேட்க வேண்டும். அரைமணி ஓடிய பிறகு என்றால் ஹீட் சிங்க்கில் தூசி அடைத்திருக்கும், பேஸ்ட் காய்ந்திருக்கும். நேரம் காலம் இல்லாமல், ஒவ்வொரு முறையும் வேறு வேறு எர்ரர் என்றால் ராம். அதைக் கழற்றி, கால்களை ரப்பரால் தேய்த்து, மெம்டெஸ்ட்டை ராத்திரி முழுக்க ஓடவிட வேண்டும். கேம் திறந்ததும், சிடி எழுத ஆரம்பித்ததும் என்றால் எஸ்எம்பிஎஸ், அதாவது பவர் சப்ளை. அன்று மலிவாக விற்றவற்றில் பல, 450 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டியும் கையில் எடுத்தால் கனமே இருக்காது. திறந்து பார்த்தால் காயில் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கம்பித் துண்டு. 12 வோல்ட் கம்பியில் 11.4-க்குக் கீழே இறங்கக் கூடாது என்பது அன்றைய விதி. சுமை ஏறினால் அது இறங்கும், போர்டுக்குப் போகும் பவர் குட் சிக்னல் அறும், சிஸ்டம் முதலிலிருந்து தொடங்கும்.

விண்டோஸ் எக்ஸ்பியில் இன்னொரு தொந்தரவு. நீலத்திரை வந்த கையோடு அதுவே ரீஸ்டார்ட் ஆகிவிடும், படிக்க விடாது. அந்த 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' டிக்கை எடுத்துவிட்டால் பாதி வழக்கு தீர்ந்துவிடும். நீலத்திரை நின்றால் படிக்க ஒரு எர்ரர் கோடு கிடைக்கிறது. டிக்கை எடுத்தும் பொசுக்கென்று அணைந்து எழுந்தால் கரண்ட், சூடு, போர்டு என்று தேட வேண்டும். விண்டோஸ் 11-லும் அந்த டிக் அதே மாதிரி உண்டு.

இப்போது என் மேசைக்கு வருவது வேறு சாதி மெஷின். கண்ணாடிக் கதவு, உள்ளே கலர் லைட், போர்டில் திட கேபாசிட்டர்கள். அவை உப்புவதில்லை. தூசியும் குறைவு. கண்ணால் பார்த்துச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எல்லாவற்றையும் விண்டோஸ் எழுதிவைக்கிறது. வீடியோ எடிட்டிங் செய்யும் பையன் ஒருவன் செல்போனில் படம் எடுத்தே வந்தான்.

"சார், ஈவென்ட் வியூவர்ல கர்னல் பவர் 41-னு வருது. விண்டோஸையே புதுசாப் போட்டாச்சு. ராமும் மாத்திட்டேன்."

அந்த 41 சொல்வது, முறையாக ஷட்டவுன் ஆகாமல் மெஷின் மறுபடி எழுந்தது என்பதை மட்டும்தான். காரணத்தை அது சொல்லாது. கூடவே வரும் பக்செக் கோடு பூஜ்யமாக இருந்தால் நீலத்திரை வரக்கூட அவகாசமில்லாமல் அணைந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அவனுடையது பூஜ்யம்.

"எப்போ நிக்குது தம்பி?"

"ரெண்டர் போடும்போது சார். ஆரம்பிச்ச உடனே."

இன்றைய கிராபிக்ஸ் கார்டுகள் கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு பகுதிக்குள் தங்கள் வழக்கமான வாட்டைப் போல இரு மடங்கு வரை இழுத்துவிடும். மல்டிமீட்டர் அதைப் பிடிக்காது. நிம்மதியாக 12.1 என்று காட்டும். இதற்காகவே 2022-ல் வந்த ஏடிஎக்ஸ் 3.0, கிராபிக்ஸ் கார்டுக்கான புதுக் கனெக்டர் கொண்ட எஸ்எம்பிஎஸ் தன் மதிப்பைப் போல இரு மடங்குச் சுமையை 100 மைக்ரோ செகண்ட் தாங்க வேண்டும் என்கிறது. பிராசசரையும் அப்படியே நம்பிவிட முடியாது. 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் சிலவற்றில் வோல்டேஜ் கோளாறு இருப்பதை 2024-ல் இன்டெல்லே ஒப்புக்கொண்டு, மைக்ரோகோடு திருத்தம் வெளியிட்டு, வாரண்டியையும் இரண்டு வருஷம் நீட்டியது. அவனுடைய பிராசசர் அந்த வரிசையில் இல்லை.

ராமையும் விண்டோஸையும் சேர்த்து மாற்றியவனிடம் எது காரணம் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மாற்று, மாற்றியபின் காத்திரு என்பதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது. அந்தக் காத்திருப்புக்குத்தான் இன்று யாருக்கும் மனசில்லை. அவனுடைய பழைய ராமையே மாட்டினேன். கடையிலிருந்த வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் போட்டு, ஒரு வாரம் வேலை பார்க்கச் சொல்லி அனுப்பினேன். நிற்காமல் ஓடிய பிறகுதான் புதிது வாங்கச் சொன்னேன். கூடவே, வீட்டில் அந்த பிளக் பாயிண்டுக்கு எர்த் வருகிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்க்கவும் சொன்னேன்.