மைனஸ் 40-இல் ஸ்பேனர் பிடிப்பது எப்படி?

கே: அண்டார்டிகா போகும் நம் பொறியாளர்களுக்குப் பயிற்சி எங்கே?

ப: அனுப்பி வைப்பது கோவாவிலுள்ள தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையம். மருத்துவப் பரிசோதனையில் தேறியவர்கள் உத்தரகாண்டின் அவுலிக்குப் போக வேண்டும். பனியில் நடக்கவும் கயிறு கட்டவும் அங்கே இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையினர் சொல்லித் தருகிறார்கள். பிஎச்.டி. வாங்கியவருக்கும் ஐ.டி.ஐ. முடித்தவருக்கும் ஒரே கயிறுதான்!

கே: வெறுங்கையால் இரும்பைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளுமாமே?

ப: ஒட்டும், வெடுக்கென்று இழுத்தால் தோலும் கூடவே வரும். அதைவிடப் பொல்லாதது பெட்ரோல். மைனஸ் 40-இலும் அது உறையாது, அத்தனை குளிரையும் சுமந்துகொண்டு திரவமாகவே இருக்கும். கையில் சிந்தினால் பட்ட இடம் உடனே உறைந்து புண்ணாகிவிடும். அதனால் கையுறையைக் கழற்றாமல் நட்டைக் கழற்றப் பழக வேண்டும். அவசரக்காரருக்கு அங்கே வேலை இல்லை.

கே: கண்ணை மறைக்கும் பனிப்புயலுக்குக்கூடப் பயிற்சி உண்டா?

ப: உண்டு. அமெரிக்காவின் மக்மர்டோ நிலையத்தில் பயிற்சிக்கு வந்தவர்களின் தலையில் வெள்ளை வாளியைக் கவிழ்த்துவிடுவார்கள். எல்லோரும் ஒரே கயிற்றைப் பிடித்தபடி, 'காணாமல் போன' ஒருவரைத் தேட வேண்டும். ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் கயிறுதான் சிக்கலாகும். யார் முன்னால் போவது, கயிற்றை எத்தனை தரம் சுண்டினால் என்ன அர்த்தம் என்று முன்கூட்டியே பேசி வைத்த குழுதான் ஆளை மீட்கும்.

கே: ஒரு சின்ன வாஷர் ஆளைக் காவு வாங்குமா?

ப: துணை போகும். 1912-இல் தென்துருவத்திலிருந்து திரும்பும் வழியில் மாண்டுபோன பிரிட்டிஷ் பயணி ஸ்காட்டின் குழு, வழியில் சேமித்து வைத்திருந்த மண்ணெண்ணெய் டின்களைத் திறந்தபோது அளவு குறைந்திருந்தது. தோல் வாஷர் வழியே எண்ணெய் கசிந்து ஆவியாகியிருந்தது. அவருக்குப் போட்டியாகப் போன அமுண்ட்சென் தன் டின்களைப் பற்றவைத்தே மூடியிருந்தார். துருவத்தில் அற்பமான பாகம் என்று எதுவுமே கிடையாது.

கே: அவ்வளவு குளிரில் தீ விபத்து வருமா?

ப: அங்கே பெரிய பயமே அதுதான். காற்று வறண்டது, பல நிலையங்களில் பனியை உருக்கினால்தான் தண்ணீர். 1982 ஏப்ரலில் சோவியத்தின் வோஸ்தோக் நிலையத்தில் மின் நிலையமே எரிந்து ஒருவர் இறந்தார். மிச்சமிருந்த 20 பேரும் கைக்குக் கிடைத்த சாமான்களில் அடுப்பு செய்து அந்தக் குளிர்காலத்தைத் தாண்டினார்கள். மறு வருடம் அதே இடத்தில்தான் மைனஸ் 89.2 டிகிரி பதிவானது!

கே: நான் டீசல் மெக்கானிக். போக முடியுமா?

ப: தாராளமாக! நம் மைத்ரி, பாரதி நிலையங்களுக்கு விஞ்ஞானிகளோடு மெக்கானிக், எலக்ட்ரீஷியன், சமையற்காரர் எல்லோரும் போகிறார்கள். குளிர்காலத்தில் கப்பல் வராது, உதிரி பாகமும் வராது. இருப்பதை வைத்து ஜெனரேட்டரை ஓடவைப்பவரை நம்பித்தான் மற்றவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். கோவா மையத்தின் வேலைவாய்ப்பு அறிவிப்பு வந்ததும் தயங்காமல் விண்ணப்பியுங்கள்.