கொரோலாவுக்கு நான்கு மூக்கு

கேள்வி: என்னிடம் 1980 மாடல் டொயோட்டா கொரோலா இருக்கிறது. அதன் 1,290 சிசி எஞ்சினுக்கு யமஹா ஆர்1 பைக்கின் கார்புரேட்டர்களை மாட்டலாமா?
(வாசகர், சோஹார்)

பதில்: தாராளமாக! சிந்துபாத் எங்கள் ஊர்க்காரர் என்று சொல்லிக்கொள்ளும் ஊரில் இருந்துகொண்டு இதற்குப் பயப்படலாமா? பழைய ஆர்1-இல் 40 மி.மீ. மிக்குனி கார்புரேட்டர்கள் நான்கு, சிலிண்டருக்கு ஒன்று. எஞ்சின் காற்றை இழுக்கும் அளவுக்குத்தான் கார்புரேட்டருக்கு உள்ளேயிருக்கும் பிஸ்டன் மேலே எழும். கார்களுக்கான எஸ்.யூ. கார்புரேட்டரில் இதே உத்தியைக் கையாண்டவர்கள் இங்கிலாந்தின் ஸ்கின்னர் சகோதரர்கள். குடும்பத் தொழில் செருப்பு வியாபாரம்! பைக் கடன் வாங்கியதைக் கார் திரும்பக் கேட்கிறது, அவ்வளவுதான்.

வம்பெல்லாம் பொருத்துவதில்தான். பைக்கில் நான்கும் நெருங்கி உட்கார்ந்திருக்கும். கொரோலாவின் துவாரங்களுக்கு ஏற்ப மேனிஃபோல்டைப் புதிதாகச் செய்ய வேண்டும். காரின் பெட்ரோல் பம்ப் தரும் அழுத்தத்தை பைக் கார்புரேட்டர்கள் தாங்காமல் பெட்ரோல் வழியும். நம் வெயிலில், சூடான எஞ்சின் மேல்! ரெகுலேட்டர் போட்டு 2, 3 பிஎஸ்ஐ-க்குள் அடக்குங்கள். பிறகு வேக்குவம் கேஜ் வைத்து நான்கையும் சமன் செய்யுங்கள். பல்லக்குத் தூக்குபவர்களில் ஒருவர் குட்டையானாலும் மாப்பிள்ளை சரிவார். பிளக் கருத்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்தால் குறைவு. ஜெட்டை அதற்கேற்ப மாற்றுங்கள். ஃபில்டர் இல்லாமல் ஓட்டினால் ஓமன் மணல் முழுக்க சிலிண்டருக்குள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ராயல் ஓமன் போலீஸிடம் அனுமதி கேட்டுவிடுங்கள். முல்கியா (வண்டிப் பதிவு அட்டை) புதுப்பிக்கப் போகும் இடத்தில் ஸ்கின்னர் சகோதரர்களின் கதை எடுபடாது.